குடித்துக் கெடுத்துக்கொண்ட உடம்புக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும்?

கேள்வி: டாக்டர், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு, சுக்குக் கிடங்கில் கணக்கெழுதுகிறேன். தாத்தா காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அம்மாவுக்கு 64 வயது. பல வருஷமாகச் சர்க்கரை நோய் உண்டு. இப்போது இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறோம். அரசு மருத்துவமனையில் இடம் கிடைப்பதற்குள் அலைந்து ஓய்ந்துவிட்டோம். அம்மா வாழ்நாளில் வெற்றிலைகூடப் போட்டதில்லை.

எங்கள் சந்திலேயே மூட்டை தூக்கும் ஒரு சுமட்டுத் தொழிலாளி இருக்கிறார். தினமும் குடி, அதோடு பீடி. கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, இந்த வருஷத்தில் மூன்றாவது முறையாகக் காருண்யா என்ற அரசுக் காப்பீட்டு கார்டில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் நேராக பெவ்கோ மதுக்கடை வரிசைக்குத்தான் போவார். வேண்டுமென்றே உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்களுக்கு அரசுச் செலவில் சிகிச்சை தர ஒரு வரம்பு வேண்டாமா? ஒருமுறை பார்க்கலாம், இரண்டுமுறை பார்க்கலாம். அதற்கு மேல் அவர் செலவை அவரே ஏற்கட்டும் என்று சட்டம் போட்டால் என்ன தவறு? என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் நின்று நின்று வந்த கேள்வி இது.

— வாசகர், மட்டாஞ்சேரி, கொச்சி

பதில்: அப்படி நினைக்கவில்லை. நோயாளியின் பக்கத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பலரும் இதைக் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் தாழ்ந்த குரலில். நீங்கள் எழுதிக் கேட்டீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு வரம்பு கூடாது. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மாநிலமே ஒருமுறை இந்த வழியில் ஓரடி வைத்துப் பார்த்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

2021 நவம்பர் 30 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் ஓர் அறிவிப்புச் செய்தார். கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள மறுப்பவர்களுக்குக் கொரோனா வந்தால் அரசு இலவசமாகச் சிகிச்சை தராது என்றார். ஒவ்வாமை போன்ற காரணத்தால் போட முடியாதவர்கள் அரசு மருத்துவரிடம் சான்று வாங்கித் தந்தால் விலக்கு உண்டு. அந்த ஆண்டு டிசம்பர் முதல் சிங்கப்பூரிலும் தடுப்பூசியை விரும்பி மறுத்தவர்கள் கொரோனா மருத்துவச் செலவைத் தாங்களே கட்ட வேண்டியிருந்தது. உங்கள் யோசனைக்கு இவ்வளவு நெருக்கமான முன்னுதாரணம் இந்தியாவில் வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊசி இலவசம், பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே கிடைத்தது. போட்டாயா இல்லையா என்பதற்குச் சான்றிதழ் உண்டு. போடாதவரால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆபத்து. இத்தனை இருந்தும் அதை நான் ஏற்கவில்லை. மூச்சுத் திணறி வருகிறவரிடம் முதலில் சான்றிதழ் கேட்கும் நிலைக்கு மருத்துவமனை போய்விடக் கூடாது. போகட்டும், தடுப்பூசி போடாததையாவது ஒரே நாளில் சரிசெய்துகொள்ளலாம். குடியும் பீடியும் இருபது வருஷத்தில் உருவாகி உடம்பிலேயே வேர்பிடித்த பழக்கங்கள். ஓர் ஊசியில் முடிகிற காரியமா அது?

இனி உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். வருத்தப்படாமல் படியுங்கள்.

நீங்கள் சொல்கிற சட்டம் நாளைக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமட்டுத் தொழிலாளியின் கோப்பைத் திறக்கும் அதே அதிகாரி உங்கள் அம்மாவின் கோப்பையும் திறப்பார். இந்தியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று சர்க்கரை நோய். அவர் கேட்கப்போகும் கேள்விகள் இவை: எத்தனை வருஷம் சர்க்கரை? மாத்திரையைத் தவறாமல் போட்டாரா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்தாரா? சாயாவில் சர்க்கரை போட்டாரா? பண்டிகைக்குப் பாயசம் சாப்பிட்டாரா? நடைப்பயிற்சி உண்டா? உங்கள் அம்மா குற்றமற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் படிவத்துக்குத் தெரியாது. வாழ்க்கைமுறை நோய்கள் என்று அரசு அச்சடிக்கும் பட்டியலில் முதல் வரியிலேயே சர்க்கரை இருக்கிறது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி கேரளத்தில் வயது வந்தவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாலில் ஒருவர். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். கேரளத்தில் நாலில் ஒருவர் மனவலிமை இல்லாதவர் என்று யாராவது சொல்ல முடியுமா? பூனாவில் டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் பல்லாண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டியிருக்கின்றன. நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் கொழுப்பின் பங்கு அதிகமாக இருக்கிறது. தாய் கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள் என்பது பிள்ளையின் பிற்காலச் சர்க்கரைவரை வந்து தொடுகிறது. அறுபது வயதில் வரும் நோயின் ஒரு பகுதி, பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அதற்கு யாரைப் பொறுப்பாக்குவது?

சந்துக்காரருக்கும் இதே தராசுதான். மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு சுமட்டு வேலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை ஏறி இறங்குவதை நீங்கள் தினமும் கணக்கில் எழுதுகிறீர்கள். அந்த முதுகுவலிக்குப் பகலில் பீடி, ராத்திரியில் மது என்று தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். இதைச் சொல்லி அவர் குடியை நியாயப்படுத்தவில்லை. அவர் வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் படும் பாட்டுக்கு எந்தக் காரணமும் சமாதானம் ஆகாது. வேண்டுமென்றே என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர் வாழ்க்கை அடங்காது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் ஊருக்கு இன்னொரு நினைவு உண்டு. துறைமுகத்தில் ஒருகாலத்தில் சாப்பா முறை இருந்தது. கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே எறிவான். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். யாருக்குக் கிடைக்க வேண்டும், யாருக்குக் கூடாது என்று ஒருவர் கை தீர்மானித்தால், கீழே நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொள்வார்கள். நீங்களும் அந்தத் தொழிலாளியும் இன்று ஒரே வரிசையில் நிற்கிறீர்கள். உங்கள் கோபம் அவர்மேல் திரும்பியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மருத்துவன் என்ற முறையில் எனக்குப் பெரிய அச்சம் வேறு. இப்படி ஒரு சட்டம் வந்த மறுநாளே நோயாளிகள் எங்களிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

கேரளத்தில் 2022 முதல் ஆஷா பணியாளர்கள் வீடுவீடாக வந்து, முப்பது வயது கடந்தவர்களிடம் பீடி உண்டா, குடி உண்டா, உடற்பயிற்சி உண்டா என்று கேட்டு ‘ஷைலி’ என்ற செயலியில் பதிகிறார்கள். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் புற்றுநோயின் அறிகுறியையும் முன்கூட்டியே பிடிப்பதற்கான ஏற்பாடு அது. சொன்ன பதில் பின்னால் சிகிச்சையை வெட்டப் பயன்படும் என்று தெரிந்தால் எந்த வீட்டில் உண்மை சொல்வார்கள்? குடியை மறைத்துக்கொண்டு ஒருவர் எலும்பு முறிவு அறுவைக்குப் படுத்தால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, பிதற்றி, வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவர் என்று முன்பே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துத் தடுத்திருப்போம். காசநோய் மாத்திரைகளும் அப்படித்தான். அவற்றில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, குடிப்பவருக்கு இன்னும் கவனமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அவர் பயந்து மருத்துவமனைப் பக்கமே வராமல் இருந்துவிட்டால், மட்டாஞ்சேரியின் நெருக்கமான சந்துகளில் அந்த இருமல் அவரோடு நிற்காது.

பயந்து ஒதுங்குபவர்களை இழந்தால் எதை இழக்கிறோம் என்பதற்குக் கேரளத்திலேயே உலகம் அறிந்த சான்று இருக்கிறது. 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் குழுவினர் வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போய், டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. 2005-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களைப் பார்த்ததில் அப்படிப் பெரிய பலன் தெரியவில்லை. யாரைக் கைவிடலாம் என்கிறீர்களோ, அவர்களிடம் போனதால்தான் உயிர்கள் பிழைத்தன. பொதுப்பணத்துக்கு அதிகப் பலன் கிடைத்த இடமும் அதுவே.

பணத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள், அதையும் பார்ப்போம்.

நீங்கள் மருத்துவமனையில் காட்டும் கார்டில் உள்ள காருண்யா என்ற பெயர் முதலில் ஒரு லாட்டரிச் சீட்டில் வந்தது. நிதியமைச்சர் கே.எம். மாணி 2011-ல் அந்த லாட்டரியைத் தொடங்கினார். அதன் வருவாயில் ஏழைகளின் பெரிய சிகிச்சைகளுக்கு நிதி கொடுக்கப்பட்டது. தினக்கூலியில் சீட்டு வாங்கி விழாமல் போனவர்களின் பணத்தில் டயாலிசிஸ் நடந்தது. லாட்டரியும் கெட்ட பழக்கம்தான் என்று நம் வீடுகளில் சொல்வோம். அந்தப் பணத்தை மட்டும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

மதுக் கணக்கு இன்னும் பெரியது. கேரளத்தில் மது மொத்த விற்பனை முழுவதும் அரசின் பெவ்கோ கையில். 2023-24-ல் மாநிலத்தில் 19,000 கோடி ரூபாய்க்கு மேல் மது விற்றது. அதில் பெரும்பகுதி வரியாக அரசுக்குப் போனது. பெரும்பாலான வகைகளுக்கு விற்பனை வரியே 200 சதவீதத்துக்கு மேல். போதாதென்று 2023 பட்ஜெட்டில் 500 ரூபாய்க்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 20 ரூபாயும், ஆயிரத்துக்கு மேற்பட்டதற்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்பு வரியாகச் சேர்த்தார்கள். முதியோர் ஓய்வூதியம் போன்ற செலவுகளுக்காக. நம் தமிழ்நாட்டில் டாஸ்மாக் அதே ஆண்டில் அரசுக்கு ஈட்டித் தந்தது 45,000 கோடிக்கு மேல். உங்கள் சந்துக்காரர் இலவசமாக எதையும் வாங்கவில்லை; ஒவ்வொரு நாள் மாலையும் அரசின் கருவூலத்தில் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். மது விலக்கை நோக்கி முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47-ஆம் பிரிவு அரசிடம் சொல்கிறது. அரசோ கடை வைத்து விற்கிறது. விற்ற கை, நோய் வந்த பிறகு விரித்துக் காட்டப்படக் கூடாது.

கெட்ட பழக்கம் உள்ளவர்களால்தான் செலவு ஏறுகிறது என்ற எண்ணமும் அவ்வளவு உறுதியானது இல்லை. நெதர்லாந்தில் பீட்டர் வான் பால் குழுவினர் 2008-ல் வெளியிட்ட கணக்கு இது: இருபது வயதிலிருந்து சாகும்வரை ஆகும் மருத்துவச் செலவு, புகைப்பவருக்கு 2,20,000 யூரோ, உடல் பருமன் உள்ளவருக்கு 2,50,000, இரண்டும் இல்லாதவருக்கு 2,81,000. நீண்ட நாள் வாழ்பவருக்கு முதுமை நோய்களின் செலவும் சேர்ந்துகொள்கிறது. இதனால் பீடி நாட்டுக்கு நல்லது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. சிக்கனத்துக்காக ஒருவரை வெட்ட வேண்டும் என்றால் அந்தக் கத்தி நாம் எதிர்பார்க்கிற கழுத்தில் விழாது, அவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு வரம்பு போட முயன்றார்கள். 2017-ல் ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பகுதியின் சுகாதார நிர்வாகம், அவசரமில்லாத அறுவைக்குமுன் பருமனானவர்கள் எடை குறைக்க வேண்டும், புகைப்பவர்கள் நிறுத்த வேண்டும், நிறுத்தியதை மூச்சுப் பரிசோதனையில் காட்ட வேண்டும் என்றது. அங்குள்ள அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியே அதைக் கண்டித்தது. மூட்டு வலியால் நடக்க முடியாதவரிடம், முதலில் நடந்து எடையைக் குறைத்துவிட்டு மூட்டு மாற்ற வாருங்கள் என்று சொல்வது எப்படிப்பட்ட சிகிச்சை?

ஆனால் ஓரிடத்தில் மருத்துவமே வரம்பு போடுகிறது. அதை மறைக்கக் கூடாது. கல்லீரல் மாற்று அறுவைக்கு மதுவை ஆறு மாதம் நிறுத்தியிருக்க வேண்டும் என்று பல மையங்கள் கேட்பது வழக்கம். தானமாக வரும் கல்லீரல் மிகக் குறைவு. வாங்கியவர் மறுபடி குடித்து அதையும் கெடுத்தால் இன்னொருவரின் வாய்ப்பும் போகும். உங்கள் கோபத்தில் நியாயமான பகுதி என்று நான் நினைப்பது இதைத்தான். இங்கே கேட்கப்படுவது, இந்தச் சிகிச்சை இவருக்குப் பலிக்குமா என்பது. இவர் நல்லவரா என்பது கேள்வி இல்லை. அந்த ஆறு மாதக் கணக்கைக்கூட மருத்துவ உலகம் திரும்பத் திரும்பச் சோதிக்கிறது. 2011-ல் பிரெஞ்சு மருத்துவர்கள், மதுவால் கல்லீரல் கடுமையாக அழற்சியுற்று மருந்துக்கும் கட்டுப்படாதவர்களில் கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு, காத்திருக்க வைக்காமல் மாற்று அறுவை செய்து பார்த்தார்கள். ஆறு மாதம் உயிரோடு இருந்தவர்கள் 77 சதவீதம். அறுவை கிடைக்காதவர்களில் 23 சதவீதம். மறுபடி குடிக்கத் தொடங்கியவர்கள் மிகச் சிலரே.

சாதாரணப் படுக்கை, ஊசி, வயிற்று நீர் எடுப்பது, ரத்த வாந்தியை நிறுத்துவது ஆகியவற்றுக்கு இந்த வாதம் பொருந்தாது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைப் பல அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தராதது 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது, பணமில்லை என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது. அவர் ஏன் விழுந்தார் என்று பார்த்து அந்த உரிமை அளக்கப்படவில்லை.

பழக்கத்தைக் குறைக்க வழியே இல்லையா என்றால், உண்டு. அதற்கும் கொச்சியே உதாரணம். ரயிலிலும் பேருந்திலும் பிறர் விடும் புகையால் அவதிப்பட்ட ஒரு பேராசிரியை உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 1999 ஜூலையில் எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை விதித்தது. நாட்டுக்கே அது முன்னோடி. அந்த அமர்வில் இருந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் நம் தேவகோட்டைக்காரர். பிறகு 2003-ல் மத்தியச் சட்டம் வந்தது. வயது வந்தோர் புகையிலைப் பயன்பாடு குறித்த தேசியக் கணக்கெடுப்பில், 2009-10-ல் கேரளத்தில் 21.4 சதவீதம், 2016-17-ல் 12.7 சதவீதம். எந்தப் பீடிக்காரருக்கும் மருத்துவமனைக் கதவை மூடாமல் நடந்தது இது. 2016-ல் அப்போதைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டதும் நினைவிருக்கும். மறுவருஷம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது கரைந்துவிட்டது. புரோட்டாவைத் தொடாத அந்த வரியால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்பது என் கருத்து. ஆனாலும் வசூலிப்பதென்றால் கடையில் வசூலிக்க வேண்டும், கட்டிலில் அல்ல. அந்தத் திசை சரியானது.

இனி நீங்கள் நின்ற வரிசைக்கு வருவோம். உங்கள் அம்மாவை அலைய வைத்தது டயாலிசிஸ் கருவிகளும் அவற்றை இயக்கும் ஊழியர்களும் போதாமல் இருப்பது. கல்லீரல் நோயாளி படுக்கும் கட்டிலைக் காலி செய்தாலும் அந்தக் கருவி ஒன்றுகூட அதிகமாகாது. மேற்குக் கொச்சிக்காரர்கள் பாலம் கடந்து எர்ணாகுளம் போகாமல் அங்கேயே டயாலிசிஸ் செய்துகொள்ள இடங்கள் அதிகமாக வேண்டும். இதைக் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் மட்டும் இல்லாமல், அங்கே காத்திருக்கும் எல்லாக் குடும்பங்களும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அம்மாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துமா என்று சிறுநீரக மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். 64 வயதும் சர்க்கரையும் மட்டுமே அதற்குத் தடையாகிவிடாது, இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் பார்த்துத்தான் சொல்வார்கள். எர்ணாகுளம் பொது மருத்துவமனையிலேயே 2023 முதல் சிறுநீரக மாற்று அறுவை நடக்கிறது. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒன்றில் இது நடப்பது நாட்டிலேயே அங்கேதான் முதன்முறை.

சந்துக்காரரைப் பற்றி ஒன்று. மூன்று முறை சேர்ந்தார் என்றீர்கள். ஒவ்வொரு முறையும் வயிற்று நீரை எடுத்து அனுப்பியிருப்பார்கள். குடிநோய்க்கு யாராவது சிகிச்சை தொடங்கினார்களா? அது தனி நோய். மாத்திரையும் ஆலோசனையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். கல்லீரல் சுருங்கத் தொடங்கிய பிறகு குடியை நிறுத்தினாலும் ஆயுள் கூடும். கேரள அரசின் ‘விமுக்தி’ திட்டத்தில் மாவட்டந்தோறும் இலவச மீட்பு மையம் இருக்கிறது. 14405 என்ற எண்ணில் கேட்கலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416. இந்த முறை அவரை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன்பாகவே, வார்டில் இருக்கும்போதே மனநல மருத்துவர் வந்து பார்க்கும்படி எழுதித் தரச் சொல்லி டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள் என்று அவர் மனைவியிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்த் தானாக ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதனால் முதல் ஒரு வாரம் மருத்துவமனையிலேயே மருந்தோடு கழிவது நல்லது.